பட்டியலும் படமும்

காலம் ஓடும் இயல்பினது. அதனைத் தடுத்து நிறுத்தும் ஆற்றல் எவர்க்கும் இல்லை. ஆயினும், ஓடிய காலத்தின் சுவடு ஒன்றேனும் தம்மிடம் தங்கவேண்டும் என்று விரும்பாத மாந்தர் இலர். அரசர் கல்லிலும் செம்பிலும் தம் செயல்களைப் பொறித்து வைத்தனர். புலவர் ஏட்டில் எழுதி வைத்தனர். செல்வர் ஓவியரை அமர்த்தித் தம் உருவங்களைத் தீட்டச் செய்தனர். இவற்றுள் எதற்கும் வழியில்லாத எளிய மக்களோ பிறந்தனர், உழைத்தனர், மகிழ்ந்தனர், மறைந்தனர். அவர்கள் எந்தப் பாட்டை விரும்பிக் கேட்டனர், எந்த நாளில் எவரோடு கூடிச் சிரித்தனர் என்பவற்றைச் சொல்லும் சான்றுகள் மிக அரியவை.

இக்குறையை இருபதாம் நூற்றாண்டில் மேலைநாடுகளில் இரண்டு சிறு பொருள்கள் ஓரளவு போக்கின. ஒன்று, மெல்லிசைப் பாடல்களின் வாரப் பட்டியல். மற்றொன்று, வீட்டார் தாமே எடுத்த சிறு புகைப்படம். இரண்டும் வரலாறு எழுதும் நோக்கத்துடன் பிறந்தவை அல்ல. ஒன்று வணிகத்தின் பொருட்டுத் தோன்றியது; மற்றொன்று பொழுதுபோக்காக வளர்ந்தது. எனினும், இன்று அந்நாடுகளின் முதியோர் தம் இளமைக் காலத்துப் பட்டியல் ஒன்றைக் கண்டால் முகம் மலர்கின்றனர். மங்கிய படம் ஒன்றைக் கண்டால் பேச்சிழந்து நிற்கின்றனர். சின்னாட் பயனுக்கென்று செய்யப்பட்ட இவை, நெடுநாள் கழிந்த பின்னரும் நெஞ்சைப் பிணிப்பது யாங்ஙனம் என்பதை ஆராய்தல் நன்று.

பட்டியலின் தோற்றம்

இங்கிலாந்தில் ஒரு பாடலின் செல்வாக்கு, முற்காலத்தில், அதன் இசைக்குறிப்புத் தாள் எவ்வளவு விற்றது என்பதைக் கொண்டே அளக்கப்பட்டது. வீட்டில் பியானோ வைத்திருந்தோர் அத்தாளை வாங்கிவந்து தாமே இசைத்துப் பாடினர். இசைத்தட்டுகள் பெருகிய பின்னர் அளவுகோலும் மாறியது. அமெரிக்காவில் 'பில்போர்டு' என்னும் இதழ் இசைத்தட்டு விற்பனையை அடிப்படையாகக் கொண்ட பட்டியலை 1940-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் வெளியிடத் தொடங்கியது. இங்கிலாந்தில் அத்தகைய பட்டியலை முதன்முதல் வெளியிட்டது 'நியூ மியூசிகல் எக்ஸ்பிரஸ்' என்னும் வார இதழாகும். அது வெளிவந்த நாள் 1952 நவம்பர் 14.

அப்பட்டியலை ஆக்கிய முறை மிக எளியது. அவ்விதழில் பணியாற்றிய பெர்சி டிக்கின்ஸ் என்பார், ஏறத்தாழ 20 கடைகளுடன் தொலைபேசியிற் பேசினார். அவ்வக் கடையில் மிகுதியாக விற்ற தட்டுகள் எவை என்று கேட்டறிந்தார். விடைகளைக் கூட்டி வரிசைப்படுத்தினார். வரிசையில் இருந்த இடங்கள் 12. ஆயினும் சில இடங்களைப் பாடல்கள் சமமாகப் பகிர்ந்து கொண்டமையால் 15 தட்டுகள் அதில் இடம்பெற்றன. முதலிடம் பெற்றது அமெரிக்கப் பாடகர் ஆல் மார்ட்டினோ பாடிய பாடல். அது தொடர்ந்து 9 வாரங்கள் அவ்விடத்தை விட்டு இறங்கவில்லை. இரண்டாம் உலகப் போரின்போது படைவீரர்களுக்குப் பாடிப் புகழ்பெற்ற வேரா லின் என்னும் அம்மையாரின் பாடல்கள் மூன்று அதே பட்டியலில் இருந்தன. போர் ஓய்ந்து ஏழாண்டுகள் ஆன பின்னரும், அதனிடையே ஆறுதல் தந்த குரலை மக்கள் மறக்கவில்லை என்பதற்கு அத்தாளே சான்று.

அக்கால இங்கிலாந்தின் நிலையையும் ஈண்டு நினைத்தல் வேண்டும். போர்க்காலத்தில் தொடங்கிய உணவுப் பங்கீடு அங்கே 1954 ஜூலையில்தான் முற்றும் நீங்கியது. சர்க்கரையையும் இறைச்சியையும் அளந்து வாங்கிய மக்கள், ஒரு பாட்டுக்கென்று காசு செலவிட்டனராயின், அப்பாட்டு அவர்தம் உள்ளத்தை எவ்வளவு தொட்டிருத்தல் வேண்டும்! பட்டியலில் ஒரு பாடல் ஒரு படி ஏறிற்று என்பதன் பின்னே, வாரமெல்லாம் உழைத்துச் சிறுகச் சேர்த்த காசுடன் கடை வாயிலில் நின்ற இளைஞர் பலரின் விருப்பம் மறைந்து கிடக்கின்றது.

நாளடைவில் பட்டியலைக் கேட்பதே ஒரு திருவிழாவாயிற்று. 1964-ஆம் ஆண்டு சனவரி முதல் நாள், மாஞ்செஸ்டர் நகரில், முன்னர்த் தேவாலயமாக இருந்த கட்டடம் ஒன்றிலிருந்து 'டாப் ஆஃப் தி பாப்ஸ்' என்னும் தொலைக்காட்சி நிகழ்ச்சியைப் பி.பி.சி. தொடங்கியது. அது வாரந்தோறும் 2006 ஜூலை வரை நடைபெற்றது. 1970-களில் புதிய பட்டியல் செவ்வாய்க்கிழமை நண்பகலில் வானொலியில் அறிவிக்கப்பட்டது. பள்ளி உணவு வேளையில் மாணவர் சிறு வானொலிப் பெட்டியைச் சூழ்ந்து நின்று, தாம் விரும்பிய பாடல் ஏறியதா, இறங்கியதா என்று செவிமடுத்தனர். ஞாயிறு மாலையில் அப்பாடல்களை ஒலிபரப்பும்போது, அவற்றைத் தம் ஒலிநாடாவில் பதிவு செய்து கொள்ள விரைந்தனர். அறிவிப்பாளர் பேசி முடிப்பதற்கும் பாடல் தொடங்குவதற்கும் இடைப்பட்ட நொடியில் பொத்தானை அழுத்த வேண்டும். சற்றே தவறினும் அறிவிப்பாளர் குரலும் பாட்டோடு கலந்து பதிந்துவிடும். அன்று குறையாகத் தோன்றிய அக்குரலே, இன்று அந்த நாடாவைக் கேட்பார்க்குப் பாட்டினும் இனிதாகின்றது.

இவ்வழக்கம் மேலைநாட்டளவில் நின்றுவிடவில்லை. இங்கிலாந்தில் முதற் பட்டியல் வெளிவந்து மூன்று வாரமும் நிறைவதற்குள், 1952 டிசம்பர் 3-ஆம் நாள், இலங்கை வானொலியில் 'பினாகா கீத்மாலா' என்னும் இந்தித் திரைப்பாடல் நிகழ்ச்சி தொடங்கியது. அதனை நடத்தியவர் அமீன் சயானி. நேயர் மன்றங்களின் விருப்பத்தையும் இசைத்தட்டு விற்பனையையும் கொண்டு அதில் பாடல்கள் வரிசைப்படுத்தப்பட்டன. கொழும்பிலிருந்து எழுந்த அக்குரலுக்காக வட இந்திய நகரங்களில் புதன்கிழமை இரவுகள் காத்திருந்தன. அந்நிகழ்ச்சி 1988 வரை இலங்கை வானொலியிலும், பின்னர் விவித் பாரதியிலும் ஒலித்தது. அமீன் சயானி 2024 பிப்ரவரியில் மறைந்தபோது, முதியோர் பலர் துயருற்றது ஓர் அறிவிப்பாளரை இழந்ததற்காக மட்டும் அன்று. தம் இளமையின் இரவுகளை எண்ணியும் அவர்கள் துயருற்றனர்.

படம் எளியோர் கைக்கு வந்தமை

பாட்டின் கதை இஃது. இனிப் படத்தின் கதையைக் காண்போம்.

புகைப்படக் கலை 1839-ஆம் ஆண்டில் உலகிற்கு அறிவிக்கப்பட்டது. தொடக்கத்தில் ஒரு படம் பதிய நெடுநேரம் ஆயிற்று. அமர்ந்திருப்பவர் அசையாதிருத்தற்குத் தலையின் பின்னே இரும்புத் தாங்கி ஒன்றை நிறுத்துவர். ஆதலின் அக்காலப் படங்களில் உள்ளோர் பெரும்பாலும் சிரிப்பதில்லை, கற்சிலைபோல் நோக்குவர். கருவியோ பெரிது, மருந்துகளோ பல, செலவோ மிகுதி. அக்கலை அறிஞர்க்கும் தொழில் வல்லார்க்குமே உரியதாக இருந்தது.

அந்நிலையை மாற்றியவர் அமெரிக்க நாட்டு ஜார்ஜ் ஈஸ்ட்மன் என்பார். அவர் 1888-இல் 'கோடாக்' என்னும் கையடக்கக் கருவியை விற்பனைக்குக் கொணர்ந்தார். அதன் விலை 25 டாலர். அதனுள் 100 படங்கள் எடுத்தற்குரிய சுருள் முன்னரே இடப்பட்டிருந்தது. படங்களை எடுத்து முடித்தவர், கருவியை அப்படியே ராச்செஸ்டர் நகரத்துத் தொழிற்சாலைக்கு அனுப்புவர். அங்குள்ளோர் 10 டாலர் பெற்றுக்கொண்டு, படங்களை ஆக்கி, புதிய சுருளையும் இட்டுத் திருப்பி அனுப்புவர். பொத்தானை அழுத்துதல் ஒன்றே வாங்கியவர்தம் வேலை.

25 டாலரும் எளியோர்க்குப் பெருந்தொகையே. ஆகவே, 1900 பிப்ரவரியில் அதே நிறுவனம் 'பிரௌனி' என்னும் கருவியை ஒரே டாலர் விலையில் விற்றது. அட்டையாற் செய்து, தோல் போன்ற உறை ஒட்டிய சிறு பெட்டி அது. ஆறு படம் எடுக்கும் சுருளின் விலை 15 சென்ட். சிறுவர்க்கென்றே விளம்பரம் செய்யப்பட்ட அக்கருவி, முதலாண்டிலேயே ஓரிலக்கத்துக்கு மேல் விற்றது. தொழிலாளியின் வீட்டிலும், உழவரின் தோட்டத்திலும், பள்ளிப் பிள்ளையின் கையிலும் புகைப்படக் கலை புகுந்தது.

இவ்வாறு விரைந்து எடுக்கும் படத்தை மேலைநாட்டார் 'ஸ்நாப்ஷாட்' என்பர். அச்சொல்லின் வரலாறு சுவையுடையது. வேட்டையாடுவோன் நின்று குறிபாராது, விலங்கு தோன்றிய மாத்திரத்தில் சட்டெனச் சுடுவதற்கு முதலில் அப்பெயர் வழங்கியது. பின்னர், 1860-இல், ஜான் ஹெர்ஷல் என்னும் அறிவியலறிஞர் நொடிப்பொழுதிற் பதியும் படத்திற்கு அச்சொல்லைப் பயன்படுத்தினார். கொல்லும் தொழிலுக்குரிய சொல், காக்கும் தொழிலுக்குரியதாக உயர்ந்தது. ஓடும் மானை வேட்டைக்காரன் வீழ்த்துகின்றான். ஓடும் நொடியைப் படம் எடுப்பவன் நிறுத்துகின்றான்.

முதற் பாடற் பட்டியல் வெளிவந்த 1952-ஆம் ஆண்டிலேயே, 'பிரௌனி 127' என்னும் மலிவான கருவியும் இங்கிலாந்தில் விற்பனைக்கு வந்தது. அதற்குரிய சுருளில் எட்டுப் படங்களே எடுக்கலாகும். ஒரு குடும்பம் கோடை விடுமுறையில் ஒரு வாரம் கடற்கரைக்குச் செல்லும். அவ்வாரம் முழுமைக்கும் எட்டுப் படங்களே. ஆகவே, எடுப்பவர் எண்ணி எண்ணி எடுத்தனர். குழந்தை மணல்வீடு கட்டும் காட்சி ஒன்று. பாட்டி சாய்வு நாற்காலியில் கண்ணயரும் காட்சி ஒன்று. எல்லாரும் நின்று கூசும் கண்களுடன் கதிரவனை நோக்கும் காட்சி ஒன்று. ஊர் திரும்பியதும் சுருளை மருந்துக் கடையிற் கொடுத்துவிட்டுச் சில நாள் காத்திருப்பர். உறையைத் திறக்கும்போது, ஒரு படத்தில் தலை வெட்டுண்டிருக்கும். ஒரு படத்தில் எடுப்பவரின் நிழல் தரையில் நீண்டு கிடக்கும். எனினும் எதனையும் எறியார். எட்டில் ஒன்றன்றோ அது!

ஒன்றற்கொன்று துணை

பட்டியலையும் படத்தையும் அருகருகே வைத்து நோக்கினால், ஓர் உண்மை புலப்படும். பட்டியல் எல்லார்க்கும் பொதுவானது. படம் ஒரு வீட்டிற்கே உரியது. பட்டியலுக்கு நாள் உண்டு, முகம் இல்லை. படத்திற்கு முகம் உண்டு. பெரும்பாலும் நாள் இல்லை. ஒரு பாடல் எந்த ஆண்டில், எந்த வாரத்தில் முதலிடம் பெற்றது என்பதைப் பட்டியல் பிழையின்றிச் சொல்லும். ஆனால் அதனை வாங்கியவர் எவர், கேட்டு மகிழ்ந்தவர் எவர் என்று சொல்லாது. படமோ, மகிழ்ந்தவரின் முகத்தைக் காட்டும். ஆனால் அவர் என்று, எதன்பொருட்டு மகிழ்ந்தார் என்று சொல்லாது.

இவ்விரண்டையும் இணைக்கும் பாலம் மனித நினைவு ஒன்றே. பின்புறத்தில் எதுவும் எழுதப்படாத கடற்கரைப் படம் ஒன்றைக் கருதுவோம். மூதாட்டி ஒருவர் அதனைக் கையில் எடுக்கின்றார். ஆண்டு நினைவிற்கு வரவில்லை. ஆயினும், அன்று கடற்கரைக் கடைதோறும் ஒலித்த பாட்டு நினைவிற்கு வருகின்றது. பழைய பட்டியலைப் புரட்டினால், அப்பாட்டு முதலிடத்தில் இருந்த கோடை எது என்பது தெரிகின்றது. ஆண்டு தெரிந்ததும், படத்தில் உள்ள கைக்குழந்தை மூத்த மகனா, இளைய மகனா என்பதும் தெளிவாகின்றது. பாட்டு படத்திற்கு நாளைத் தந்தது. படம் பாட்டிற்கு முகத்தைத் தந்தது. இதனாலன்றோ, பழம்பாடற் பட்டியலைத் தேடுவாரும் பழம்படங்களைத் தேடுவாரும் பெரும்பாலும் ஒருவராகவே இருக்கின்றனர்!

ஏக்கம் என்னும் நோய்

கழிந்த காலத்தின்பால் எழும் ஏக்கத்தை மேலைநாட்டார் 'நாஸ்டால்ஜியா' என்பர். இச்சொல்லை ஆக்கியவர் ஜொஹான்னஸ் ஹோஃபர் என்னும் மருத்துவ மாணவர். அவர் 1688-இல் சுவிட்சர்லாந்து நாட்டின் பாசல் நகரில் அளித்த ஆய்வுரையில், வீடு திரும்புதலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லையும் துன்பத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லையும் இணைத்து இதனை அமைத்தார். தாய்நாட்டைப் பிரிந்தோர் உற்ற வாட்டத்தை அவர் ஒரு நோயாகவே கருதினார். அந்நோயைத் தூண்டுவது பாட்டு என்பதும் அந்நாளிலேயே பேசப்பட்டது. பிறநாட்டுப் படைகளில் பணிபுரிந்த சுவிஸ் வீரர், தம் மலைநாட்டு ஆயர் இசையைக் கேட்டால் அழுது, படையை விட்டு ஓடுவர். ஆதலின் அதனை இசைத்தல் தடுக்கப்பட்டிருந்தது என்று ரூசோ தம் இசை அகராதியில் 1768-இல் எழுதினார்.

இக்காலத்து உளநூலார் ஏக்கத்தை நோயென்று கொள்வதில்லை. ஆயினும், அதன் இயல்பை ஆராய்ந்துள்ளனர். மாந்தர் தம் முதுமையில் மிகுதியாக நினைவுகூர்வன, பத்து அகவைக்கும் முப்பது அகவைக்கும் இடைப்பட்ட நிகழ்ச்சிகளே என்பர். 1989-இல் ஹோல்புரூக், ஷிண்ட்லர் என்னும் இருவர் வெளியிட்ட ஆய்வில், ஒருவர் ஏறத்தாழ 24 அகவையினராக இருந்தபோது வழங்கிய பாடல்களையே அவர் மிகவும் விரும்புகின்றார் என்று கண்டனர். ஆகவே, 'எங்கள் காலத்துப் பாட்டே பாட்டு' என்று ஒவ்வொரு தலைமுறையினரும் கூறுவதில் வியப்பில்லை. அவர்கள் புகழ்வது பாட்டை மட்டும் அன்று; அதனைக் கேட்டபோது தமக்கிருந்த இளமையையும் சேர்த்தே புகழ்கின்றனர்.

நினைவு மறைப்பவை

ஏக்கம் இனியது, ஆயினும், அது முழு உண்மையைக் காட்டும் கண்ணாடி அன்று. பழைய பட்டியல்களைப் பொன்னே போற் போற்றுவோர், அவற்றின் குறைகளையும் அறிதல் வேண்டும். 1960-களில் இங்கிலாந்தில் ஒவ்வோர் இதழும் ஒவ்வொரு பட்டியலை வெளியிட்டது. பி.பி.சி. அவற்றைக் கூட்டி நடுநிலை கண்டது. அம்முறையால், 1968 ஆகஸ்டில் மூன்று பாடல்கள் ஒருங்கே முதலிடம் பெற்றன என்று அறிவிக்கும் நிலை ஏற்பட்டது. அக்குழப்பத்தைத் தீர்க்க, 1969 பிப்ரவரி முதல் 300 கடைகளின் விற்பனைக் குறிப்பேடுகளைக் கொண்டு ஒரே பட்டியல் ஆக்கப்பட்டது. அமெரிக்காவிலோ, வானொலியிற் சில தட்டுகளை மிகுதியாக ஒலிபரப்புவதற்கு அறிவிப்பாளர் சிலர் கையூட்டுப் பெற்றமை வெளிப்பட்டது. அந்நாட்டு நாடாளுமன்றம் ஆராய்ந்து, 1960-இல் அதனைக் குற்றமாக்கிச் சட்டம் செய்தது.

இதனினும் வருந்தத்தக்கது ஒன்று உண்டு. கறுப்பின மக்களின் பாடல்களை அமெரிக்க இதழ் தனிப் பட்டியலில் ஒதுக்கி வைத்தது. 1940-களில் அப்பட்டியலின் தலைப்பிலேயே இனத்தைக் குறிக்கும் சொல் இருந்தது. 1949 ஜூனில்தான் அது 'ரிதம் அண்ட் புளூஸ்' என்று மாற்றப்பட்டது. வண்ணப்படம் ஆக்கும் நிலையங்களில் நிறத்தைச் சரிபார்ப்பதற்கு, வெள்ளை நிறப் பெண் ஒருவரின் படம் அமைந்த அட்டையை நெடுங்காலம் அளவாகக் கொண்டனர். அதனால் கருநிற முகங்கள் தெளிவின்றி இருண்டு பதிந்தன. எல்லார்க்கும் பொது என்று சொல்லப்பட்ட பட்டியலும் படமும், எல்லாரையும் ஒப்ப நோக்கவில்லை என்பது இதனாற் புலனாகின்றது.

வீட்டுப் படங்களிலும் மறைப்பு உண்டு. பிறந்தநாளும் திருமணமும் விடுமுறையும் படமாயின. அடுக்களையிற் புகையிடை நின்ற உழைப்பும், வேலையிழந்து திரும்பிய மாலையும், நோயாளியின் அருகே விழித்த இரவும் படமாகவில்லை. சிரித்த நொடிகளை மட்டும் தொகுத்த ஏட்டைப் புரட்டுவோர், அக்காலம் முழுதும் சிரிப்பாகவே கழிந்தது என்று மயங்குதல் கூடும். இவற்றை அறிந்து கொண்டு ஏங்குபவர், தாம் இழந்ததோடு பிறர் பெறாததையும் நினைப்பர், அவ்வேக்கமே பண்பட்டது.

மாறிய காலம்

1975-இல் கோடாக் நிறுவனத்துப் பொறியாளர் ஸ்டீவன் சாசன், சுருளின்றிப் படமெடுக்கும் எண்முறைக் கருவியை ஆக்கினார். ஒரு படத்தைப் பதிய அதற்கு 23 நொடிகள் ஆயின. அது படத்தைப் பதிந்தது எதில் எனின், மாணவர் பாட்டைப் பதிந்த அதே வகை ஒலிநாடாவில்! பாட்டின் ஏடும் படத்தின் ஏடும் அன்று ஒன்றாயின. அவ்வழியில் வளர்ந்த எண்முறைக் கருவிகளே படச்சுருளின் வழக்கைக் குறைத்தன. கோடாக் நிறுவனம் 2012 சனவரியில் கடனைத் தீர்க்க இயலாது நீதிமன்றத்தின் காப்பை நாடியது.

பாடற் பட்டியல் இன்றும் வாரந்தோறும் வெளிவருகின்றது. ஆயினும், 2014 ஜூலை முதல் இங்கிலாந்துப் பட்டியல், இணையவழியில் ஒரு பாடல் எத்தனை முறை கேட்கப்பட்டது என்பதையும் கணக்கிடுகின்றது. ஒவ்வொருவரும் தம் செவிக்குள்ளே தனித்தனியே கேட்கும் காலம் இது. முதலிடம் பெற்ற பாடலை அண்டை வீட்டார் அறியாதிருத்தலும் கூடும். படமோ, எட்டு என்னும் எல்லையைக் கடந்து எண்ணிறந்ததாயிற்று. மிகுதியால் நினைவு வளர்ந்ததா எனின், அதுவும் ஐயமே. லிண்டா ஹெங்கல் என்னும் உளநூலறிஞர், அருங்காட்சியகம் ஒன்றிற் செய்த ஆய்வை 2014-இல் வெளியிட்டார். ஒரு பொருளை முழுமையாகப் படமெடுத்தோர், அதனைக் கண்ணால் மட்டும் நோக்கியோரைவிடக் குறைவாகவே நினைவில் வைத்திருந்தனர். ஆனால், அப்பொருளின் ஒரு பகுதியை உற்றுநோக்கி அணுகிப் படமெடுத்தோர்க்கு அக்குறை ஏற்படவில்லை. ஆகவே, நினைவை அழிப்பது கருவி அன்று, கருத்தின்மையே ஆகும்.

காக்கும் கடமை

2007-இல் அமெரிக்கத் தலைநகரின் தேசியக் கலைக்கூடத்தில், 1888 முதல் 1978 வரை எளிய மக்கள் எடுத்த சிறு படங்களின் காட்சி ஒன்று நடந்தது. பெரும்பாலும் எடுத்தவர் பெயரும் தெரியாது. படத்தில் உள்ளவர் பெயரும் தெரியாது. ஒரு காலத்தில் ஒரு வீட்டின் செல்வமாக இருந்த முகங்கள், பெயரிழந்து கலைப்பொருளாயின. அவற்றைக் கண்டு வியந்தோர் பலர். 'இவர் என் அன்னை' என்று சொல்வார் அங்கு இலர். முகம் தங்கியும் பெயர் தங்காவிடின், நினைவு பாதியே தங்கும்.

2011 மார்ச் 11-ஆம் நாள் ஜப்பான் நாட்டின் வடகிழக்குக் கரையை ஆழிப்பேரலை தாக்கியது. ஊர்கள் அழிந்தன, உயிர்கள் பல்லாயிரம் மடிந்தன. இடிபாடுகளை அகற்றச் சென்றோர், சேற்றிற் புதைந்து கிடந்த குடும்பப் படங்களைக் கண்டனர். அவற்றைக் குப்பையென்று தள்ள அவர்க்கு மனம் வரவில்லை. தொண்டர் பலர் கூடி, அப்படங்களை ஒவ்வொன்றாக நீரிற் கழுவினர், உலர்த்தினர், பொதுக் கூடங்களிற் பரப்பி வைத்தனர். வீடும் பொருளும் இழந்தோர் அங்கு வந்து, வரிசை வரிசையாகத் தேடினர். மறைந்த மகளின் படமோ, தந்தையின் படமோ கிடைத்தவர், அதனை மார்போடு அணைத்துக் கொண்டனர். அவர்கள் தேடியது பொன்னை அன்று. ஒரு சிறு தாளை. அத்தாளைத் தவிர, தம் அன்புடையார் இவ்வுலகில் வாழ்ந்தார் என்று காட்டுதற்கு அவர்பால் வேறொன்றும் எஞ்சவில்லை.

எளிய பொருளின் அருமை, அது கிடைக்கும் நாளில் தெரிவதில்லை. இழந்த நாளில் தெரிகின்றது. ஆயின், இழக்கும் வரை காத்திருத்தல் அறிவுடைமை ஆகாது. வீட்டில் உள்ள பழைய படங்களை எடுத்து, முதியோர் அருகில் அமர்ந்து, 'இவர் யார்? இது எந்த ஊர்? எந்த ஆண்டு?' என்று கேட்டு, பின்புறத்தில் மென்மையான கரிக்கோலால் எழுதி வைத்தல் இளையோர் அனைவர்க்கும் இயல்வதே. ஆண்டு நினைவிற்கு வாராதபோது, 'அந்நாளில் வானொலியில் எந்தப் பாட்டு மிகுதியாக ஒலித்தது?' என்று கேட்டுப் பார்த்தல் வேண்டும். மறந்த நாளைப் பாட்டு மீட்டுத் தரும். அம்முதியோர் இருக்கும்வரைதான் அவ்வினாக்களுக்கு விடை உண்டு. அவரோடு அவ்விடைகளும் போய்விட்டால், எந்தப் பட்டியலும் அவற்றைத் தாராது. எந்தப் படமும் வாய்திறந்து பேசாது.

வினாக்கள்

1. இங்கிலாந்தின் முதற் பாடற் பட்டியல் ஆக்கப்பட்ட முறையை விளக்குக.
2. 'பிரௌனி' என்னும் கருவியால் புகைப்படக் கலையில் நேர்ந்த மாறுதல் யாது?
3. "பட்டியலுக்கு நாள் உண்டு, முகம் இல்லை" என்பதன் கருத்தைத் தக்க சான்றுடன் எழுதுக.
4. பழைய பட்டியல்களிலும் படங்களிலும் காணப்படும் குறைகள் எவை?
5. நும் வீட்டில் உள்ள பழைய படம் ஒன்றைப் பற்றி முதியோரிடம் கேட்டறிந்து, இருபது வரிக்கு மிகாமல் கட்டுரை வரைக.